குனிந்த தலை

ஆஸ்பத்திரி வராண்டாவில் பதினோரு மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு சாய்ந்து கிடக்கிறது. நாலு நாளாக ஒரு முகமும் சிக்காமல் அலைந்த ஓவியருக்கு இன்று அதிர்ஷ்டம் எதிர் பெஞ்சில் ஒரு பெண்ணாக உட்கார்ந்து அழுகிறது. அவள் கணவனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்; அவனுடைய செருப்பு மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் அவள் மடியில் இருக்கிறது. வருவோர் போவோரெல்லாம் நின்று அவளை வெறிக்கிறார்கள். ஓவியர் நோட்டை முழங்காலில் மறைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் பார்ப்பதும் குனிந்து கோடு இழுப்பதுமாக இருக்கிறார். கன்னத்து ஈரத்தில் வெளிச்சம் விழும் இடம்தான் பாக்கி. இன்னும் ரெண்டு நிமிஷம் அழட்டும் என்று மனசு வேண்டிக்கொள்கிறது. அதற்குள் நர்ஸ் கதவைத் திறந்து கை காட்டுகிறாள். அழுதவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே ஓவியரிடம் வருகிறாள். அவர் படாரென்று நோட்டை மூடுகிறார்.

"அண்ணே, செருப்பை உள்ளே விட மாட்டாங்களாம். இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?"

"நானா?"

"ஆமாண்ணே. நான் அழுறதை எல்லாரும் வேடிக்கை பாத்தாங்க. நீங்க ஒருத்தர்தான் மரியாதையாத் தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க."

ஓவியரின் காது மடல்கள் சுடுகின்றன. அவள் போன பிறகும் கதவு ஆடிக்கொண்டிருக்கிறது. மடியில் நோட்டு, நோட்டின் மேல் செருப்புப் பை. இடது செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. விரல்கள் ஐந்தும் பள்ளமாகப் பதிந்திருக்கின்றன. அந்தப் பள்ளங்களின் மேல் வெயில் மெல்ல ஏறுகிறது. கூசிப்போய்க் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். கை மட்டும் பென்சிலைத் தேடுகிறது.