ஏழாம் நம்பர் வண்டியின் குரல்

விமானத் திடலாகத் தொடங்கி, பிறகு பெட்ரோல் கார்கள் சீறிய வேலாங்காட்டுப் பந்தயத் தளத்தில் இப்போது பேட்டரிக் கார்கள்தான் ஓடுகின்றன. சத்தமே இல்லாததால் கூட்டம் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டது. அதனால் நிர்வாகம் வண்டிக்கு ஒருவரை மைக் முன் உட்கார்த்தி, வாயாலேயே இன்ஜின் சத்தம் போட வைத்தது. மூன்று விநாடி சத்தம் நின்றால் வண்டியும் நின்றதாகவே விதி.

ஏழாம் நம்பர் வண்டிக்குச் சத்தம் போடும் நாச்சிமுத்துவுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. வண்டி நின்றால் வேலை போய்விடும்.

"சுக்குக் கஷாயம் குடிச்சீங்களாண்ணா?" என்று கேட்டாள், பக்கத்தில் மூன்றாம் நம்பருக்குச் சத்தம் போடும் பூவாத்தாள்.

"குடிச்சேன் அம்மிணி. இன்ஜின் சூடாயிருச்சு, ஓடத்தான் மாட்டேங்குது."

கடைசிச் சுற்றில் ஏழும் மூன்றும் முன்னால் வந்தபோது நாச்சிமுத்துவின் குரல் அடியோடு நின்றது. "முருகா" என்றுகூடச் சொல்ல வரவில்லை. உடனே பூவாத்தாள் தன் மைக்கில் ஒரு "ட்ர்ர்ர்", அவர் மைக்கில் ஒரு "உர்ர்ர்" என்று தலையை மாற்றி மாற்றித் திருப்பி, இரண்டு வண்டிகளையும் ஓட்டினாள். ஏழாம் நம்பர் அவளுடைய வண்டியை முந்தி ஜெயித்தது.

நடுவர் இறங்கி வந்தார். "ஏனுங்க, ஏழாம் நம்பர் சத்தம் கடைசியில பொம்பளக் குரலாட்டக் கேட்டுச்சே?"

"கியர் மாத்துனாருங்க," என்றாள் பூவாத்தாள்.

பேட்டரிக் காரில் கியரே கிடையாது என்பது நடுவருக்குத் தெரியும். அவர் நாச்சிமுத்துவின் கழுத்தில் சுற்றியிருந்த மப்ளரைப் பார்த்தார். பிறகு தன் ஏட்டில், "கியர் நன்றாக விழுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.