தின்னர் வாடை

செவ்வாய்க்கிழமை காலை, முதல் வாய்க் காபியைத் தர்மாம்பாள் அப்படியே கொல்லை வாசலில் துப்பினாள்.

"தின்னர் நாத்தம். காபியில கூட வந்துடுச்சு பாரு. கொமட்டிக்கிட்டு வருது."

மருமகள் பூர்ணிமா டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தாள். தோட்டத்தில் பெயிண்ட் வேலை நடந்தால் வீடு முழுக்க வாடை இருக்கத்தான் செய்யும், போகப் போகச் சரியாகிவிடும் என்றாள். டம்ளரை நன்றாகக் கழுவி வேறு காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

தர்மாம்பாளுக்குத் தூக்கிக் குடிக்க வராது. வாய் வைத்து உறிஞ்சினால்தான் அவளுக்குக் காபி. மூக்கைச் சுளித்துக்கொண்டே உறிஞ்சினாள்.

வெள்ளிக்கிழமை பேரனுக்குக் காதுகுத்து. சிங்கப்பூரிலிருந்து மகன் வருகிறான், குடவாசல் ஊரே திரண்டு வரப்போகிறது. வாசல் தோட்டத்துச் சிமெண்டுத் தொட்டிகள் பன்னிரண்டும் பார்க்கச் சகிக்காமல் கிடந்தன. பாசி படிந்து, நத்தை ஊர்ந்த கோடு பளபளவென்று காய்ந்து, அடியில் மரவட்டைகள் கொத்துக் கொத்தாகச் சுருண்டிருந்தன. ஒரு தொட்டியைத் தெருப்பூனை கக்கூசாகவே வைத்திருந்தது.

அத்தனையையும் வெறுங்கையால் வழித்தெடுத்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, காய வைத்து, வெளிச்சுவருக்கு அடிக்கிற பெயிண்டை அடித்துக்கொண்டிருந்தவர் இளையபெருமாள். வயது ஐம்பத்தைந்து. பூர்ணிமாவோடு காலேஜில் படித்த பூவிழியின் அப்பா. அவர் கை சுத்தம் தெரிந்து பூர்ணிமாதான் கூப்பிட்டிருந்தாள்.

தர்மாம்பாளுக்கு அவர் இருக்கிற தெரு தெரியும். அது போதும். பூனை வைத்துவிட்டுப் போனதை விட அவர் வாய் வைத்த டம்ளர்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை, அவர் வேலைக்கு வந்த முதல் நாள். பூர்ணிமா அவருக்கு வீட்டு டம்ளரிலேயே டீ கொடுத்துவிட்டாள். ஆறு எவர்சில்வர் டம்ளரும் ஒரே செட்டு. ஒன்றோடொன்று கலந்துவிட்டால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

தர்மாம்பாள் விட்டுவிடுவாளா? தொட்டி வைக்கும் இரும்பு ஸ்டாண்டுக்கென்று கலக்கி வைத்திருந்த சிவப்புப் பெயிண்டில் ஓர் ஈர்க்குச்சியைத் தோய்த்தாள். அவர் குடித்து வைத்த டம்ளரைக் குச்சியாலேயே கவிழ்த்து, அடியில் ஒரு பொட்டு வைத்தாள். அவர் கண்ணெதிரில்தான்.

"இது உனக்குன்னே இருக்கட்டும் இளையபெருமாளு. குடிச்சிட்டு நீயே கழுவி, அந்தக் கொய்யா மரத்தடியில கவுத்து வச்சிடு."

அவர் அந்தப் பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்கால டீ வேண்டாம் என்றுவிட்டார்.

கிளம்பும்போது பூர்ணிமாவிடம், மிச்ச வேலைக்கு வேறு ஆள் அனுப்புகிறேன் என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"பூவிழிகிட்ட மட்டும் இதச் சொல்லிடாதம்மா. அது தாங்காது."

பூர்ணிமாவுக்கு முகம் எரிந்தது. பூவிழி வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறாள். இவர் கையாலேயே மீன் குழம்பு வாங்கி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். இனி எந்த முகத்தோடு அந்த வாசலை மிதிப்பது? நாளைக்கு ஒரு நாள் நீங்களே வாங்க, அப்புறம் உங்க இஷ்டம் என்று கெஞ்சிக் கேட்டாள். அவர் போன பின் அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். பூர்ணிமா மரத்தடிக்கே போய், டீயை ஊற்றிக் கொடுத்து, என்னவோ சொல்லிவிட்டு வந்தாள். பொட்டு வைத்த டம்ளரில் அவர் நிதானமாகக் குடித்தார். இன்னொரு டீ கூடக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தர்மாம்பாள் ஜன்னல் வழியாக ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்தாள். சிவப்புப் பொட்டு இருக்கிறதா, இருக்கிறது. நிம்மதியாகத் தஞ்சாவூரில் இருக்கிற தங்கைக்குப் போன் போட்டு, சொல்கிற விதத்தில் சொன்னால் யாரும் கேட்டுக்கொள்வார்கள் என்று பெருமையடித்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. மஞ்சளும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு தொட்டியும் புதுசு போல நின்றன. இளையபெருமாள் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் தர்மாம்பாள் ஒரு கையில் காபியோடு மரத்தடிக்கு வந்தாள். வாழைச் சருகைச் சுற்றி, இரண்டே விரலால் பொட்டு டம்ளரைத் தூக்கினாள். செத்த எலியைத் தூக்குகிற மாதிரி முகம் கோணியிருந்தது. பின்னாலேயே வந்த பூர்ணிமாவிடம் நீட்டினாள்.

"குப்பை வண்டி வந்தா இதப் போட்டுடு. கழுவி எடுத்து உள்ள வைக்கிறேன்னு நிக்காத."

"அத ஏன் அத்தை போடணும்? அது உங்க டம்ளரு."

"பொட்டு இருக்குடி. கண்ணு தெரியலியா உனக்கு?"

"அந்தப் பொட்டு நான் வச்சது."

தர்மாம்பாளுக்கு ஒன்றும் புரியவில்லை. மிச்சக் காபியை ஒரே மடக்கில் உறிஞ்சிவிட்டு, கையிலிருந்த வெறும் டம்ளரைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் காசளவுக்கு ஓர் இடம் மட்டும் துடைத்துத் துடைத்து மங்கிப் போயிருந்தது.

"நீங்க வச்ச பொட்டத் தின்னர் போட்டு அழிச்சு, மூணு நாளா உங்களுக்குத்தான் அதுல காபி தரேன் அத்தை."