ஈரத் தாது

"அந்தத் தாதுவைக் கப்பல்ல ஏத்தவிட்டே... அப்புறம் உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன். உன் வீடு எனக்குத் தெரியும்."

போனில் யாரோ தெரியாதவன். மூக்கடைத்த குரல். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. சரக்குப் பரிசோதகர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"கதவைத் தாழ் போட்டுக்கோ. யார் வந்தாலும் திறக்காதே."

"ஏங்க, கேஸ் சிலிண்டர்காரர் வர்ற நேரமாச்சே?"

"அவருக்கும் திறக்காதே!"

"அப்ப சமையல்?"

"ஒருவேளை பட்டினி கிடந்தா உயிரா போயிடும்? திறக்காதே!"

எதிரே பூனை வந்தாலும் ஒதுங்கி வழிவிடுகிற மனுஷர் அவர். துறைமுகத்துக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு கப்பலையும் நிறுத்தியதில்லை. ஏற்றலாம் என்று மேலாளர் சொன்னால் ஏற்றலாம், அவ்வளவுதான்.

ஆனால் இந்த வாரம் விடாத மழை. வெளியே மலையாகக் குவித்திருந்த இரும்புத் தாதுத் தூள் ஊறிக் கிடந்தது. அதில் ஒரு தகர டப்பா நிறைய அள்ளி வந்து, மேஜைமேல் ஓங்கி ஓங்கித் தட்டினார். கெட்டியாக இருந்த தூள் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. மேலே தண்ணீர் மினுமினுத்தது.

டப்பாவுக்குள் நடந்தது நடுக்கடலில் கப்பலுக்குள்ளும் நடக்கும். அலை குலுக்கக் குலுக்க, அத்தனை தாதுவும் கூழாகி ஒரு பக்கமாகச் சரியும். கப்பல் கவிழும். உள்ளே இருப்பவர்களுக்குக் கத்தக்கூட நேரம் இருக்காது.

கதவு திறந்தது. மேலாளர் வந்தார், பின்னாலேயே கப்பல் கேப்டன்.

"என்னய்யா, டப்பாவைத் தட்டிக் கச்சேரி பண்றியா? கையெழுத்தைப் போடு. கப்பல் காத்துக்கிட்டு நிக்குது."

"சார்... ஈரம் ரொம்ப..."

"கேப்டனே ஏத்திக்கிறேங்கிறார். உனக்கென்ன வந்துது?"

கேப்டன் சிரித்தார். "நாங்க பாக்காத மழையா? எங்க கம்பெனி அவசரப்படுது. சீக்கிரம் முடிச்சுக் குடுங்க சார்."

முன்னே போனால் முட்டும், பின்னே வந்தால் உதைக்கும் என்றாகிவிட்டது பரிசோதகரின் கதி. மேலாளர் பறித்தால் வேலையைப் பறிப்பார். அந்தக் குரல் எதைப் பறிக்குமோ? வீட்டில் மனைவி தனியாக இருக்கிறாள்.

"ஏத்தக் கூடாது சார்" என்றார். பேசியது தான்தானா என்று அவருக்கே சந்தேகம்.

"என்ன சொன்னே?"

"தாது காயற வரைக்கும் ஒரு பிடிகூடக் கப்பல்ல ஏறக் கூடாது. எழுதியே தர்றேன்."

மேலாளர் தாம்தூம் என்று குதித்தார். பரிசோதகர் தலைநிமிராமல் எழுதி முடித்துவிட்டார். அவர் கூடாது என்று எழுதிவிட்டால், அதை மீறி ஏற்ற மேலாளராலும் முடியாது.

"நாளைக்கு இந்த நாற்காலியில யார் உட்கார்றான்னு பாத்துக்கிறேன்!" என்று கத்திவிட்டு அவர் வெளியேறினார்.

கேப்டன் போகவில்லை. கதவைச் சாத்தித் தாழிட்டார். பரிசோதகர் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடினார்.

அவருடைய இரண்டு கைகளையும் யாரோ பிடித்தார்கள். கண்ணைத் திறந்தால், எதிரே கேப்டனின் கண்கள் கலங்கியிருந்தன.

"மன்னிச்சுக்குங்க சார். ஏத்த மாட்டேன்னு நான் சொன்னா, கம்பெனி என்னை இறக்கிவிட்டுட்டு, வேற கேப்டனைப் போட்டு என் ஆளுங்களை இதே தாதுவோட கடலுக்கு அனுப்பும். நீங்க சொன்னாத்தான் ஒருத்தனாலயும் ஏத்த முடியாது" என்றார். "அதான் காலையிலேர்ந்து மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உங்களைப் போன்ல மிரட்டிக்கிட்டிருந்தேன்."