சொத்துத் தகராறு

"வேற மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லையா அண்ணே?"

"இந்தச் சின்ன ஊருக்கு நான் ஒருத்தன்தான் தம்பி. கூச்சப்படாம சொல்லுங்க. நான் நம்ம ஆளுதானே."

அகதி மனு போட்டிருந்த இளைஞன் கதவைத் திரும்பிப் பார்த்தான். நம்ம ஆள் காதில் விழுந்தது சொந்த ஊர் காதுக்குப் போகாமல் இருக்குமா?

அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். "திரும்பிப் போனா என்ன ஆபத்து?"

"அண்ணன் கொன்னுடுவாரு. சொத்துத் தகராறு."

"வேற எதுவும் இல்லையா?"

அவன் மொழிபெயர்ப்பாளரின் கல்யாண மோதிரத்தைப் பார்த்தான். "இல்லைங்க."

அதிகாரி மனுக் கோப்பை மூடினார். சொத்துத் தகராறுக்கெல்லாம் அடைக்கலம் கிடைக்காது.

எழுந்தபோது அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு படம் விழுந்தது. அதில் அவன் இன்னொருவனின் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். மொழிபெயர்ப்பாளர் அதை எடுத்தார்.

"யாரு தம்பி?"

"அண்ணன்."

கொல்லத் துடிக்கிற அண்ணனை யாரும் நெஞ்சோடு வைத்துக்கொள்வதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மொழிபெயர்ப்பாளரும் இதே மேஜையில், காதலித்தவனை மறைத்து, சொத்துத் தகராறு என்றுதான் சொன்னார். இந்த நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டதால் திருப்பி அனுப்பப்படாமல் தப்பித்தார்.

"என்ன படம் அது?" அதிகாரி கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் மோதிரத்தைத் திருகினார்.

"இவரு வீட்டு ஆளு சார். வேற ஒண்ணுமில்ல."