பிளாக்ரிட்ஜ் பலகை

“அந்தப் பலகையை இறக்குங்க, மெர்வ்.”

ஏணியேறி வந்ததில் ப்ரான்வினுக்கு மூச்சு வாங்கியது. குரலை மட்டும் அவள் உயர்த்தவில்லை. சவுத்ஷோர் ரக்பி லீக் கிளப்பின் செயலாளராகி ஆறு வாரங்களே ஆகியிருந்தன.

ஸ்கோர் பலகைக்குப் பின்னாலிருந்த மரக்கூண்டில் மெர்வ் ஹாலிடே எண் தகடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். மூக்கு இடப்பக்கம் கோணியிருக்கும்.

“ஆட்டம் முடியட்டும்மா. இறக்கிடறேன்” என்றார்.

துறைமுகத்துப் போர்ட் ஹேலும் சுரங்கத்துப் பிளாக்ரிட்ஜும் எழுபது ஆண்டுகள் முட்டி மோதிவிட்டு, தனித்தனியே பிழைக்க வழியின்றி ஒரே கிளப்பாக இணைந்தவை. சட்டையில் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. பழைய பெயர்கள் இனி எங்கும் இடம்பெறா என்பது ஒப்பந்தத்தின் முதல் விதி. இணைப்பு நடந்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

ஆயினும் பிளாக்ரிட்ஜ் மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களில், மூன்று சீசன்களாக, சவுத்ஷோர் என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பிளாக்ரிட்ஜ்’ என்ற பழைய பலகையே தொங்கியது.

ப்ரான்வின் ஒரு கடிதத்தை நீட்டினாள். போர்ட் ஹேல் ரசிகர்கள் அனுப்பிய நான்காவது புகார். தங்கள் ஊரையே அழித்துவிட்டதாக நாற்பது பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். கூண்டுச் சாவியைப் பறித்து, நியாயம் தெரிந்த ஒரு போர்ட் ஹேல்காரரிடம் கொடுக்க வேண்டும் என்பது கோரிக்கை.

மெர்வ் அதைப் படித்துவிட்டுப் பொறுமையாக மடித்துக் கொடுத்தார்.

“நல்ல கையெழுத்து” என்றார்.

“விளையாட்டில்லை, மெர்வ். இப்பவே மாத்துங்க. இல்லேன்னா சாவியை என்கிட்ட கொடுத்துட்டு இறங்குங்க.”

அவர் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு பழைய பலகையைக் கழற்றி, புதியதை மாட்டினார். எதிர்ப்புறம் போர்ட் ஹேல் ரசிகர்கள் கைதட்டினார்கள். ப்ரான்வினுக்குத் திருப்தியாக இருந்தது.

“இவ்வளவுதானே? இதுக்கு மூணு வருஷமா?”

மெர்வ் கூண்டின் சன்னல் வழியே கீழே புல்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே முழங்காலில் கம்பளி போர்த்தியிருந்த கிழவர் ஒருவர் திடீரென எழுந்தார். தின்றுகொண்டிருந்த இறைச்சி அப்பம் புல்லில் விழுந்தது.

“ஐவி, கிரவுண்டு மாறி வந்துட்டோம். யார் டீமோ ஆடுது. பசங்க எனக்காகக் காத்திட்டிருப்பாங்க.”

மனைவி அவர் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தாள். அவர் உதறிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

“யாரு அவர்?”

“கிளாரி பென்ஹல். பிளாக்ரிட்ஜுக்கு ஃபுல்பேக்கா ஆடினவன், பதினோரு வருஷம். மண்டையில வாங்கின அடியெல்லாம் இப்ப வட்டியோட திரும்பி வருது. ரெண்டு கிளப்பும் சேர்ந்ததே அவன் தலையில இல்லை. பலகையில ஊர்ப் பேரைப் பார்த்தாத்தான் உட்காருவான்.”

ப்ரான்வின் குனிந்து பழைய பலகையின் ஒரு முனையைத் தூக்கினாள்.

“அந்தப் பக்கம் பிடிங்க. சீக்கிரம்.”

பலகை ஏறியது. வாசலருகில் கிளாரி திரும்பிப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் உதடுகள் அசைந்தன. பிறகு, இடையில் ஒன்றுமே நடவாததுபோல், மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு தம் இடத்துக்கு வந்து அமர்ந்தார்.

“ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மெர்வ்.”

“ஊர் வாயில விழ வேண்டாம்னு ஐவி கேட்டுக்கிட்டா.”

அவள் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். நாற்பது கையெழுத்துகள்.

“ஒரே டீம்ல ஆடின சிநேகிதர். உங்களுக்கு மனசு கேட்காதுதான். ஆனா போர்ட் ஹேல்காரங்களுக்கு நான் என்ன பதில் எழுத?”

மெர்வ் பூஜ்யத் தகடு இரண்டை எடுத்து மாட்டினார்.

“சாவி போர்ட் ஹேல்காரன்கிட்டதான் இருக்குன்னு எழுதும்மா” என்றார், கோணல் மூக்கைத் தடவிக்கொண்டே. “எழுபத்திநாலு ஃபைனல்ல இதை உடைச்சதே அந்தக் கிளாரிதான்.”