மாமனார் கழற்றச் சொன்ன ஷவர்

தண்ணீரை மிச்சம் பிடிக்கும் ஷவர் வாங்கிவிட்டதாகக் கதிரவன் சொன்ன நாளிலிருந்து, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கடலூருக்கு வந்திருந்த மாமனாருக்குக் குளித்த திருப்தியே இல்லை.

"சொட்டு சொட்டா வருது மாப்ள! சீயக்கா தலையிலயே நிக்குது. அதக் கழட்டுங்க, இல்லன்னா நான் ஊருக்குப் போறேன்!"

"போர்ல தண்ணி எறங்கிடுச்சி மாமா..."

மனைவி சிந்துஜா முறைத்தாள். "அப்பா கெளம்புனா நானும் கூடவே கெளம்பிடுவேன்."

கதிரவன் ஸ்பேனரோடு குளியலறைக்குள் போனான். கொஞ்ச நேரத்தில், "மாத்திட்டேன் மாமா!" என்று வெளியே வந்தான்.

மாமனார் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்துவிட்டு, தலையைத் துவட்டியபடி வந்தார். "இதான் மாப்ள ஷவரு! நம்ம பம்புசெட்டுல நின்ன மாதிரியே இருக்கு!"

கதிரவன் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, பழைய ஷவரைப் பரணில் ஒளித்து வைத்தான். வாங்கியதிலிருந்து பெட்டியிலேயே கிடந்த, தண்ணீரை மிச்சம் பிடிக்கும் அந்தப் புதுசை மாட்ட அவனுக்கு அன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது.