முப்பது தடவை
காலை வெயில் சிகிச்சை அறையின் ஜன்னல் வழியே அவர் மடியில் விழுகிறது. பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்த வலது கை, மஞ்சள் ரப்பர் பந்தின்மேல் ஈரத்துணி போலக் கிடக்கிறது. பக்கத்தில் யாரோ ஊன்றுகோலைத் தரையில் டொக் டொக்கென்று ஊன்றி நடை பழகுகிறார்கள். பிசியோதெரபிஸ்ட் பெண் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்துகிறாள். கட்டைவிரல் லேசாகத் துடிக்கிறது. பக்கத்தில் நிற்கும் அவர் மனைவியிடம் திரும்பிச் சொல்கிறாள்: "பாத்தீங்களாம்மா, உயிர் இருக்கு! வீட்ல விடாம பயிற்சி குடுத்தா பழையபடி ஓங்கித் தூக்குவாரு." பழையபடி என்றதும் மனைவியின் கை தன் இடது காதுக்குப் போகிறது. இருபத்திரண்டு வருடமாக அவருடைய வலது கை அறைந்து அறைந்து, அந்தக் காது பாதிதான் கேட்கிறது. வீட்டில் அவருக்குச் சோறு ஊட்டுகிறாள், குளிப்பாட்டுகிறாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கிறாள். ஒரு குறையும் வைப்பதில்லை. வலது கையை மட்டும் தொடாமல் போர்வைக்குள் மூடிவைத்துவிடுகிறாள். "தினமும் முப்பது தடவை பண்றீங்கதானே?" என்று அந்தப் பெண் கேட்கிறாள். "காலைல முப்பது, சாயங்காலம் முப்பது" என்கிறாள் மனைவி. அவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறது. கோணிய வாயில் எச்சில் ஒழுக, இல்லை என்ற ஒரே ஒரு சொல்லை வெளியே தள்ளிவிடப் போராடுகிறார். "ல்ல... ல்ல..." "என்னம்மா சொல்றாரு?" மனைவி துண்டால் அவர் வாயை அழுத்தித் துடைக்கிறாள். அவர் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறாள்: "நான் நல்லா பண்ணிவிடுறேன்னு சொல்றாரு."